எலிக்குக் கேட்ட மருந்து மனிதருக்கும் கேட்குமா?

கேள்வி: எங்கள் மாமனார் வீட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. வியாழனும் ஞாயிறும் காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். சென்ற ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்து மூலிகையை வாங்கிப் போய் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 'கல்லீரலைப் பாதுகாக்கும் தன்மை உறுதி செய்யப்பட்டது' என்று அறிக்கையும் தந்தார்கள். அன்றிலிருந்து என் கணவர் இதைப் பொடியாக்கி, 'விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்துப் பாக்கெட்டில் விற்கலாம் என்கிறார். இதற்கிடையில் அவருடைய சித்தப்பா மகனுக்கு (வயது 34) ரத்த தான முகாமில் ஹெப்பாடைட்டிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். மாமா ஒரு மண்டலம் மருந்து கொடுத்தார். இப்போது கொழுந்தனார், 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போக மறுக்கிறார். கீழாநெல்லி இந்த நோயைக் குணப்படுத்தும் என்று சென்னையில் ஆராய்ந்து, வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறதாமே? நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். எதை நம்புவது? மாமாவிடம் எப்படிப் பேசுவது?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கொழுந்தனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மற்றவை காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

ஹெப்பாடைட்டிஸ் பி நாள்பட்ட நோயாகத் தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். கண் மஞ்சளாகாது, பசி குறையாது. பத்து இருபது ஆண்டு அப்படியே ஓடும். அந்த அமைதிக்குள்ளேயே சிலருக்குக் கல்லீரல் சுருங்கிக்கொண்டு வரும், சிலருக்குப் புற்றுநோயும் வரும். ஆகவே 'நன்றாக இருக்கிறது' என்பதை மருந்து கேட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. மருந்து சாப்பிடும் முன்பும் அவர் நன்றாகத்தானே இருந்தார்? முகாமில் ரத்தம் கொடுக்கும் அளவுக்கு!

இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 2018-லிருந்து தேசிய வைரல் ஹெப்பாடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது, பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். முகாமில் சொன்னதை முதலில் உறுதிப்படுத்துவார்கள். பிறகு எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி), ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, கல்லீரல் ஸ்கேன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. சிலரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று அனுப்பிவிடுவார்கள். மாத்திரை தேவை என்றால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் தருவார்கள். அதை ஆரம்பித்த பிறகு யார் பேச்சைக் கேட்டும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் சீறிக் கிளம்பி, கல்லீரல் திடீரென்று செயலிழந்தவர்கள் உண்டு. அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது எலிக்கு வருவோம்.

கல்லூரி அறிக்கையை நீங்கள் அனுப்பவில்லை. ஆனாலும் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் நம் நாட்டில் இந்தச் சோதனை பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கிறது. எலிகளைச் சில குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குச் சில நாள் மூலிகைச் சாற்றைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடையோ அளவுக்கு மீறிய பாராசிட்டமாலையோ செலுத்துவார்கள். இன்னொரு குழுவுக்கு விஷம் மட்டும். மறுநாள் ரத்தம் எடுத்து எஸ்ஜிபிடியையும், அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடியையும் பார்ப்பார்கள். மூலிகை சாப்பிட்ட எலிக்கு அந்த எண்கள் குறைவாக இருந்தால் 'கல்லீரலைப் பாதுகாக்கிறது' என்று எழுதுவார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

கேள்வியைப் பாருங்கள். வேதியியல் படித்த உங்களுக்குச் சட்டென்று புரியும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலுக்குள் போய் அங்குள்ள நொதிகளால் உடைக்கப்பட்டுத் தனி உறுப்பாக, அதாவது ஃப்ரீ ராடிக்கலாக மாறிய பிறகுதான் செல்களைத் தாக்குகிறது. அந்த ராடிக்கலைப் பிடித்து அடக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் எதை முன்கூட்டிக் கொடுத்தாலும் எலி ஓரளவு தப்பிக்கும். அந்த நொதியையே மந்தப்படுத்தும் பொருளைக் கொடுத்தாலும் தப்பிக்கும். கறிவேப்பிலை, மஞ்சள், இஞ்சி என்று நம் சமையலறையில் பாதிக்கு மேல் இந்தப் பரீட்சையில் தேறியிருக்கிறது. இவ்வளவு பேர் தேறும் பரீட்சையில் கீழாநெல்லியும் தேறியது பெரிய செய்தி அல்ல.

மாமா வாசலுக்கு வருபவர்கள் கார்பன் டெட்ராகுளோரைடு குடித்துவிட்டு வருவதில்லை. வைரஸ் தாக்கி வருகிறார்கள், சாராயம் குடித்துக் கெட்டு வருகிறார்கள், பித்தக் குழாயில் கல் அடைத்து வருகிறார்கள். நோய் வந்த பிறகு வருகிறார்கள். எலிக்கோ விஷத்துக்கு முன்பே மருந்து போய்விட்டது.

அளவையும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். இந்தச் சோதனைகளில் எலியின் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுப்பது வழக்கம். எலி அளவை மனித அளவாக்க ஏறக்குறைய 6-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் சாறு என்று வரும். அதுவும் ஆல்கஹாலில் எடுத்து, ஆவியாக்கிக் கெட்டிப்படுத்திய சாறு. 100 கிராம் காய்ந்த செடியிலிருந்து 10 கிராம் சாறு கிடைத்தது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒருவருக்குத் தினம் 40 கிராம் காய்ந்த செடி வேண்டும். மாமா கொடுப்பது மோரில் கலக்கிய ஒரு நெல்லிக்காய் அளவு பச்சை உருண்டை என்றால், அவர் கொடுக்கும் மருந்தைக் கல்லூரியில் யாரும் இன்னும் சோதிக்கவே இல்லை.

'அப்படியானால் மூன்று தலைமுறையாக வாசலில் கூட்டம் எப்படி நிற்கிறது?' என்று உங்கள் கணவர் கேட்பார். நல்ல கேள்விதான். நம் ஊரில் மஞ்சள் காமாலை என்று வருவதில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் பரவும் ஹெப்பாடைட்டிஸ் ஏ, இ வகை. இவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். பச்சிலை கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும். 1999-ல் திருவனந்தபுரத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கீழாநெல்லிப் பொடியையும் வெற்று மருந்தையும் (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்துச் சத்து இல்லாத பொருள்), எது எவருக்கு என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் நீடித்த நாட்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மாமா கொடுக்கும் மருந்தோடு பத்தியமும் போகிறதல்லவா? அதைக் குறைத்து எண்ண வேண்டாம். எண்ணெய் இல்லை, கவுச்சி இல்லை, முக்கியமாகச் சாராயம் இல்லை. நாற்பது நாள் குடிக்காமல் இருந்தால் குடிகாரரின் கல்லீரல் தேறத்தான் செய்யும். டாக்டர் சொல்லி நிறுத்தாதவர் மாமா சொல்லி நிறுத்துகிறார் என்றால் அதில் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலனைச் செடியின் கணக்கில் எழுத முடியாது. அப்புறம், குணமானவர் வாழைத்தாரோடு வந்து சொல்வார். குணமாகாமல் மதுரைக்கோ வேலூருக்கோ போனவர் திரும்பி வந்து மாமாவிடம் சொல்வதில்லை.

இனி சென்னை ஆராய்ச்சி. நீங்கள் கேள்விப்பட்டது பொய்ச் செய்தி அல்ல. மருந்து ஆராய்ச்சியில் இருப்பவர்கள் நன்றாக அறிந்த கதை அது, முழுசாகவே சொல்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ். பி. தியாகராஜனின் குழு, கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சோதனைக் குழாயில் ஹெப்பாடைட்டிஸ் பி-யின் மேற்பரப்புப் புரதத்தை (ரத்தத்தில் இது இருந்தால் தொற்று இருக்கிறது என்று பொருள்) செயலிழக்கச் செய்வதாக 1982-லேயே எழுதியது. அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்காவின் பரூக் பிளம்பெர்க். அவருக்கு இதில் ஆர்வம் வந்தது. ஹெப்பாடைட்டிஸ் பி எலியைத் தொற்றாது. ஆனால் அணில் குடும்பத்தைச் சேர்ந்த வுட்சக் என்ற கொழுத்த விலங்குக்கு இதே குடும்பத்து வைரஸ் ஒன்று வரும். பிலடெல்ஃபியாவில் அந்த விலங்குகளுக்குக் கீழாநெல்லிச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி, வைரஸ் குறைவதாக 1987-ல் வெளியிட்டார்கள். சரியான நோய்க்குச் சரியான விலங்கைத் தேடியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? எஸ்ஜிபிடி எண்ணோடு நிற்கவில்லை.

அடுத்து சென்னையில் மனிதர்கள். 1988-ல் 'லான்செட்' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தொற்றைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் செடிப் பொடி, ஒப்பிட இன்னொரு குழுவுக்கு வெற்று மருந்து. மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பார்த்தால், பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இல்லை. வெற்று மருந்துக் குழுவில் 23-ல் ஒருவருக்கு மட்டும் மறைந்திருந்தது. நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் தானாக இப்படி மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான். இன்றைய டெனோஃபோவிர்கூட வைரஸை அடக்கி வைக்குமே தவிர, இந்தப் புரதத்தை அபூர்வமாகத்தான் மறைய வைக்கிறது. அப்படியிருக்க ஒரே மாதத்தில் நூற்றுக்கு 59 என்றால், உலகமே திரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை. ஒன்றை மட்டும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்: இது ஆரம்பகட்ட ஆய்வு, தொடர்ந்து ஆராய வேண்டும் என்று அந்தக் கட்டுரையை எழுதியவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள்.

தொடர்ந்து ஆராயவும் செய்தார்கள். தாய்லாந்தில் 1990-ல் செய்து பார்த்தார்கள், கேட்கவில்லை. நியூசிலாந்தில் 1994-ல் பார்த்தார்கள், கேட்கவில்லை. 2011-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 16 சோதனைகளை, மொத்தம் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி வகைச் செடிகள் மேலானவை என்று நம்பும்படி ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது, ஆனால் அந்தச் சோதனைகள் நடத்தப்பட்ட விதம் நம்பகமானதாக இல்லை என்றும் சேர்த்தே சொன்னது.

சென்னையில் கேட்டது பாங்காக்கில் ஏன் கேட்கவில்லை? இங்கே ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. இரண்டு ஊரிலும் கொடுத்தது ஒரே பொருள்தானா? நாம் கீழாநெல்லி என்று ஒரே பேரில் கூப்பிடுவது ஒரு செடி அல்ல. பில்லாந்தஸ் அமாரஸ், ஃபிரடெர்னஸ், டெபிலிஸ், யூரினேரியா என்று பல இனங்கள் இலைக்கடியில் காயைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்று போலவே இருக்கும். பழைய கட்டுரைகளில் 'நிரூரி' என்று எழுதப்பட்ட இந்தியச் செடி பெரும்பாலும் அமாரஸ்தான் என்பதே 1980-களில்தான் தாவரவியலாளர்களுக்குத் தெளிவாயிற்று. 2010-ல் தென்னிந்திய மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கி மரபணு முறையில் பார்த்தபோது, சுமார் கால் பங்கு கடைகளில் கிடைத்தது வேறு இனங்கள். கசப்பைத் தரும் பில்லாந்தின் போன்ற பொருட்களின் அளவும் இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும்.

இந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு 'எங்கள் ஊர்ச் செடி கேட்கும், அவர்கள் ஊர்ச் செடிதான் சரியில்லை' என்று சொல்லிவிடலாம். சொல்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. செடியால் வந்த வித்தியாசம் என்றால் அதைக் காட்டும் வழி எளிது: சென்னையில் கேட்ட அதே செடியை, அதே பக்குவத்தில், இன்னும் பெரிய எண்ணிக்கையில் கொடுத்து அதே விடையை மறுபடி காட்ட வேண்டும். 1988-லிருந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. உலகம் ஒத்துக்கொள்ளும்படி அது நடக்கவில்லை.

மூலிகை என்றாலே பரிசோதனையில் தோற்கும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்ப்பகந்தா வேரைப் பாருங்கள். பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் காலம் காலமாகக் கொடுத்தது. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931-ல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் தம் நோயாளிகளிடம் அளந்த அளவுகளை லண்டன் இதழில் வெளியிட்டார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள், உலகம் முழுதும் போயிற்று. சிலருக்கு மனச்சோர்வைத் தருகிறது என்று பிறகு தெரிந்ததும், அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும், புழக்கம் குறைந்தது. பலன், பக்கவிளைவு இரண்டையுமே அளந்து பார்த்துத்தான் கண்டார்கள்.

பக்கவிளைவு என்றதும் 'பச்சிலைதானே, என்ன செய்துவிடும்' என்பார்கள் வீட்டில். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் கொதிக்கவைத்துக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைக் கணக்கெடுத்தன. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது, வேறு இனத்தைச் சீந்தில் என்று நினைத்திருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும், கொடியை மாற்றிப் பறித்தால் ஈரல் கெடும் என்றாகிறது. ஆடுதின்னாப்பாளை இனத்தில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைப்பதும் புற்றுநோய் தருவதும் இன்று சந்தேகமில்லாத உண்மை. பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போனபோதுதான் 1990-களில் அது வெளியே தெரிந்தது. இதையும் பல நூற்றாண்டு பயன்படுத்தியிருக்கிறார்கள். வருடக்கணக்கில் மெதுவாக வரும் தீங்கைக் கொடுப்பவரால் கண்டுபிடிக்க முடியாது.

கீழாநெல்லிக்கு இப்படிப் பெரிய கெட்ட பெயர் எதுவும் இல்லை, 1988 ஆய்விலும் தொந்தரவு அதிகம் காணப்படவில்லை. எனக்குக் கவலை அதைப் பறிக்கும் இடத்திலும் அரைக்கும் தண்ணீரிலும்தான். வரப்பில் முளைக்கும் களை அது. களைக்கொல்லி தெளித்த வயலில் பறித்தால் எது வயிற்றுக்குள் போகும்? காமாலையைப் பரப்பும் தண்ணீரிலேயே காமாலை மருந்தை அரைத்தால் எப்படி? காய்ச்சாத ஆட்டுப்பாலில் கலந்து கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. பாலைக் காய்ச்சி ஆறவைக்கச் சொல்லுங்கள்.

பாக்கெட் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சித்த மருந்து தயாரித்து விற்க 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். குணமாக்கும் என்று சொல்லி மருந்து விற்கக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று விதிகளில் இருக்கிறது. அதில் மஞ்சள் காமாலையும் கல்லீரல் நோய்களும் உண்டு. எலி அறிக்கையை வைத்து 'நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்தால் சட்டச் சிக்கல் ஒருபுறம். இன்னொரு புறம், அந்த வரியை நம்பி உங்கள் கொழுந்தனாரைப் போல எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்றுவிடுவார்கள்? இலவசமாகக் கொடுத்த வரைக்கும், மாமா வந்தவர் முகத்தைப் பார்த்தாவது கொடுத்தார். பாக்கெட் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

உண்மையாகவே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கணவருக்கு இருந்தால், தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. எழுதிக் கேட்கட்டும். முதலில் செடியின் இனத்தை உறுதிசெய்து மாதிரியைப் பாதுகாக்கச் சொல்வார்கள். மனிதர்களிடம் சோதிப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். முன்கூட்டிப் பதிவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதை அளக்கப் போகிறோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், முடிவு பிடிக்காதபோது கேள்வியை மாற்றிக்கொள்ள முடியாது. இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும், பணமும் ஆகும்.

மாமாவிடம் 'உங்கள் மருந்து பொய்' என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த மருமகள் சொன்னாலும் அது எடுபடாது, அது உண்மையும் அல்ல. நம்மிடம் இருப்பது 'கேட்கும் என்று இன்னும் காட்டப்படவில்லை' என்பது வரைதான். காசு வாங்காமல் இத்தனை வருடம் கொடுத்தவர் என்றால் வருபவர் பிழைக்க வேண்டும் என்பதுதானே அவர் எண்ணம்? அதன் பேரில் கேளுங்கள்: 'மாமா, யாரை நீங்கள் தொடக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோமா?' நல்ல வைத்தியர்கள் எல்லாரிடமும் அப்படி ஒரு கணக்கு இருக்கும். மாமாவிடமும் ஏற்கெனவே ஏதாவது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, தூக்கக் கலக்கமாகவோ பிதற்றலாகவோ இருப்பவர், ரத்த வாந்தி எடுத்தவர், வயிறு வீங்கியவர், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தவர் (எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் வேண்டும்), மலம் சுண்ணாம்பு நிறமாகப் போய் உடம்பெல்லாம் அரிப்பவர் (பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம்): இவர்களை மருந்து கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களிடமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தால்தான் மருந்து என்று மாமா ஒரு விதி வைக்கலாம். பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் பொருள்), எஸ்ஜிபிடி, ஹெப்பாடைட்டிஸ் பி, சி, இவ்வளவு போதும். அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். வருபவர் பெயர், போன் நம்பர், பரிசோதனை எண்களை நீங்கள் ஒரு நோட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள், திரும்பி வராதவர்களுக்கும் சேர்த்து. கொழுந்தனாரின் வைரஸ் கணக்கு வந்ததும் அந்தச் சீட்டின் நகலை எனக்கு அனுப்பினால், அடுத்து டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.